இன்னும் கொஞ்சம் தண்ணி

ஈரச் சாக்கைக் காற்று தூக்கிக்கொண்டு போய்விட்டது.

நதியா மெசின் சுவிட்சைத் தட்டி அணைத்தாள். உளியைப் போட்டாள். ஓடினாள். கடைசல் மெசினில் சுற்றிக்கொண்டிருந்த கிண்ணம் நிற்பதற்குள் அவள் கொட்டகையைத் தாண்டியிருந்தாள்.

சாக்கு வாழைத் தோட்டத்து முள்கம்பியில் மாட்டிப் படபடத்துக்கொண்டிருந்தது. பிடுங்கினாள். முழங்கையைக் கம்பி கீறியது. திரும்பி ஓடிவந்து தண்ணித் தொட்டியில் சாக்கை முக்கி, சொட்டச் சொட்டத் தூக்கி, வெயிலில் வெறும் உடம்பாகக் கிடந்த வாகைத் தடியின் மேல் போர்த்தினாள். பிறகு மண்டி போட்டுத் தடியின் வெட்டுவாயில் காதை வைத்தாள். சத்தம் எதுவும் இல்லை.

ஆடிக் காற்று. கம்பத்துக்கும் உத்தமபாளையத்துக்கும் நடுவே ரோட்டோரம் குடியிருப்பவர்களுக்கு அதைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. மலை இடுக்கில் கிளம்பி வரும். வாழை இலையைக் கிழிக்கும், திராட்சைப் பந்தலை உலுக்கும், காயப்போட்ட சேலையைக் கால்வாயில் கொண்டுபோய்ப் போடும். பச்சை மரத்துக்கு எமன் அதுதான். மேலே காய்ந்து உள்ளே ஈரம் நின்றால், நடுவில் 'டிக்'கென்று ஒரு சத்தம் கேட்கும். அப்புறம் அந்தத் தடி விறகுக்குத்தான்.

"சாக்கு மேல கல்லு வைக்கணும்னு எத்தன தடவ சொல்றது ஒனக்கு?"

பிளாஸ்டிக் நாற்காலியில் கால் மேல் கால் போட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான் ஈஸ்வரபாண்டி. நதியாவின் புருசன் சுரேஷ்கண்ணனுக்கு அண்ணன். பட்டறைக்கு முதலாளி. சாக்கு பறந்ததை அவன் முதலிலேயே பார்த்திருந்தான். நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"வச்சிருந்தேன் மாமா."

"அப்பக் கல்லும் பறந்திருச்சாக்கும்."

கல் அவனுடைய பைக் ஸ்டாண்டுக்கு அடியில் இருந்தது. மண் இளகிய இடத்தில் வண்டி சாயாமல் இருக்க வைத்திருந்தான். நதியா பார்த்தாள். பார்த்ததை அவனும் பார்த்தான்.

அவன் எழுந்து கொட்டகைக்குள் போய், மெசினில் நின்றுபோயிருந்த கிண்ணத்துக்குள் கட்டைவிரலை விட்டு ஒரு சுற்றுச் சுற்றினான். விரல் ஓரிடத்தில் தடுக்கியது. எதிர்ப்பக்கம் மறுபடி தடுக்கியது. அங்கே நார் பிடுங்கிக்கொண்டு, நாய் கடித்துத் துப்பியதுபோல் இருந்தது மரம்.

"ஏத்தா, இது கிண்ணமா, பலாப்பழத் தோலா? எந் தம்பி கடைஞ்சா உள்ள மொகம் பாக்கலாம். நீ கடைஞ்சா முதுகு சொறியத்தேன் ஆகும்."

"வாகை மாமா. நார் பின்னிக் கெடக்கு."

"வாகைக்கு நாரு பின்னிக் கெடக்கும், வேம்பு கசக்கும். கேக்குறேன்ல, பிசிறு ஏன் வருது?"

அவன் டீயின் கடைசி மடக்கைக் குடித்துவிட்டுத் தம்ளரை மெசின் மேலேயே வைத்தான்.

"இன்னைக்குத் திங்க. வெள்ளிக்கிழம கிண்ண யாவாரி செல்வின் குமுளியிலருந்து வாரான். பெருசா ஒண்ணு கேட்டிருக்கான். ஓட்டல் வாசல்ல பழம் அடுக்கி வைக்கிறதுக்கு. ஈரத்துல கடைஞ்சு, காயக் காயத் தன்னால கோணிக்கிட்டு நிக்கணுமாம். கோணலுக்குத்தேன் இப்ப மவுசு. கோணல் இருக்கலாம், பிசிறு இருக்கக் கூடாது. இருந்துச்சு, அன்னைக்கே சட்டி பானையத் தூக்கு. பொட்டிப்புரத்துல ஒங்கப்பனுக்கு வெள்ளாடு மேய்க்க ஆள் வேணும்ல. மெசினுக்கு ஒரு ஆள செல்வினே அனுப்புறானாம்."

"பிசிறு இல்லாம வந்தா?"

"வந்தாப் பாப்போம்."

"பாப்போம்னா எப்படி? மெசின் எனக்கு, பின்னாடி வீடு எங்களுக்குன்னு சொல்லுங்க."

ஈஸ்வரபாண்டி சிரித்தான். "வாய் மட்டும் பிசிறில்லாம வருது. சரித்தா. வந்தா மெசின் ஒனக்கு, வீடு ஒனக்கு. போதுமா? அந்தத் தடியக் காத்துல விட்றாத. அம்புட்டுப் பருமன்ல இனிமே ரோட்டோரத்துல மரமே கெடையாது."

அது உண்மை. ரோட்டை அகலப்படுத்த வெட்டிய வாகைகளில் கடைசித் தடி அது. மரக்கடை சேக் தாவூது தன் லாரியில் கொண்டுவந்து இறக்கிப் போனது. அந்தத் தடி வெடித்தால் பெரிய கிண்ணம் இல்லை. பெரிய கிண்ணம் இல்லாவிட்டால் பொட்டிப்புரம்தான். அங்கே அவள் அப்பன் வீட்டில் ஏற்கெனவே ஒரே கூரைக்கடியில் இரண்டு மருமகள்கள் முறைத்துக்கொண்டு கிடந்தார்கள்.

பட்டறைக்குப் பின்னாலேயே வீடு. ஒரே அறை. ஒரு சன்னல். சன்னலைத் திறந்தால் கொட்டகையின் உட்புறம் தெரியும். சன்னலோரம் கட்டில். கட்டிலில் சுரேஷ்கண்ணன்.

வலது கண் இருந்த இடத்தில் இப்போது ஒரு சுருக்கம். தாடை ஒரு பக்கமாக இறங்கியிருந்தது. பல்லுக்குப் போட்ட கம்பியை எடுத்த பிறகும் வாய் ஒரு விரல் அளவுக்கு மேல் திறக்கவில்லை. பேசினால் வெந்த சோற்றை வாயில் வைத்துக்கொண்டு பேசுகிற மாதிரி இருக்கும். நதியாவுக்கு மட்டும்தான் விளங்கும். மற்றவர்கள் இரண்டாவது தடவை கேட்க மாட்டார்கள், அவனும் இரண்டாவது தடவை சொல்ல மாட்டான்.

கேப்பைக் கூழைக் காய்ச்சி, பழைய வேட்டித் துணியில் வடிகட்டி, மோர் விட்டு, உப்புப் போட்டு ஆற்றினாள். இடது கடைவாய் வழியாகக் கரண்டி கரண்டியாக விட வேண்டும். முன்பக்கத்து வீட்டிலிருந்து கருவாட்டுக் குழம்பு வாசம் காற்றோடு வந்தது. ஈஸ்வரபாண்டி பொண்டாட்டி ஜோதிலட்சுமி தாளித்துக்கொண்டிருந்தாள். சுரேஷ்கண்ணன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான். நெத்திலிக் கருவாடு என்றால் ஒரு காலத்தில் சட்டியை வழித்துத் தின்கிறவன்.

"திரும்புங்க. நாலு வாயி குடிங்க."

திரும்பவில்லை.

நதியா ஆரம்பித்தாள். அதுதான் வழி என்று அவளுக்குத் தெரியும்.

"கல்ல எடுத்து வண்டிக்கு முட்டுக் குடுத்திருக்காக ஒங்கண்ணன். சாக்கு பறக்குது, ஒக்காந்து டீ குடிக்கிறாக. மனுசனா அது? அந்த நாக்குல புத்துத்தேன் வரும். கூடப் பெறந்தவன் மூஞ்சியப் பேத்துப் போட்டுட்டு, கருவாட்டுக் கொழம்பு எறங்குதாம்ல தொண்டைக்குள்ள. எறங்கட்டும். எம்புட்டு நாளைக்கு எறங்குதுனு பாப்போம்."

அவன் மெல்லத் திரும்பினான். வாயைத் திறந்தான். அவள் திட்டத் திட்ட அவன் குடித்தான். அவள் திட்டுகிற பொழுதில் ஒரு தம்ளர் கூடுதலாகவே இறங்கும்.

சித்திரையில், வீரபாண்டித் திருவிழா முடிந்த கையோடு நடந்தது அது. சுரேஷ்கண்ணன் பெரிய கட்டை ஒன்றை மெசினில் மாட்டிக் கடைந்துகொண்டிருந்தான். நதியா கால்வாயில் துணி அலசிக்கொண்டிருந்தாள். கல்குவாரியில் வேட்டு வைத்ததுபோல் ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தபோது மெசினில் பாதிக் கட்டை இன்னமும் சுற்றிக்கொண்டிருந்தது. மறுபாதி அவன் முகத்தில் இறங்கிவிட்டுப் போயிருந்தது.

அவனை ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப்போன சேக் தாவூதின் லாரி சின்னமனூரைத் தாண்டுவதற்குள் ஈஸ்வரபாண்டி ஊருக்கே சொல்லிவிட்டான். "திருவிழாப் போதை தெளியாம மெசின்ல நின்னான். நாம என்ன செய்ய?" பட்டறை மேல் குறை சொல்ல ஒருத்தருக்கும் வாய் வரவில்லை. குடிகாரன் என்றால் கதை முடிந்தது.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பிய அன்று நதியா தண்ணித் தொட்டியைக் கழுவ இறங்கினாள். அடியில் ஒரு துண்டு கிடந்தது. வெடித்த கட்டையிலிருந்து தெறித்து விழுந்தது. தண்ணி லேசாகப் பால் கலந்த மாதிரி இருந்தது. துண்டைத் தூக்கிப் பார்த்தாள். முறிந்த மரம் என்றால் முறிந்த இடம் முழுக்க நார் நாராக, தேங்காய் மட்டை மாதிரி நிற்க வேண்டும். இதில் பாதிதான் நார். மறுபாதி வழவழவென்று இருந்தது. அந்த வழவழப்பின் மேல் மரத்தூளும் வெள்ளைப் பசையும் குழைந்து, விரல் பட்டதும் கழன்று வந்தது.

விளங்கிவிட்டது. கட்டையில் முன்பே விரிசல் இருந்திருக்கிறது. யாரோ மரத்தூளோடு பசையைக் குழைத்து அதை அடைத்திருக்கிறார்கள். காய்ந்த மரமாக இருந்தால் அது நிற்கும். கதவு சன்னல் வேலையில் எல்லாத் தச்சனும் செய்கிறதுதான். ஆனால் பச்சை மரத்தில், நார் பிடுங்காமல் இருக்கத் தண்ணி தெளித்துத் தெளித்துக் கடைகிற மரத்தில், அந்தப் பசை எத்தனை நேரம் தாங்கும்?

பட்டறையில் கதவு சன்னல் வேலை பார்ப்பது ஈஸ்வரபாண்டி. பசை டின் அவனுடைய பெஞ்சுக்கு மேல் பலகையில் இருக்கும். வேறு யாரும் தொட்டால் கையை ஒடிப்பேன் என்பான். அன்றைக்குக் காலையில் கட்டையை மெசினில் மாட்டும்போது பக்கத்தில் நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்ததும் அவன்தான்.

அவள் புருசனிடம் கேட்டாள். "ஒங்கண்ணன்தேன பசை வச்சாக? வெடிச்ச கட்டைனு தெரிஞ்சே அடைச்சு ஒங்க கையில குடுத்தாக. அப்படித்தேன?"

ஒற்றைக் கண் அவளையே வெகுநேரம் பார்த்தது. பிறகு தலை கீழே போய் மேலே வந்தது.

அவளுக்கு அது போதும்.

பிசிறுக்கு மருந்து கண்டுபிடிக்க அவளுக்கு மூன்று நாள் ஆனது. பக்கத்தில் நின்று பார்த்த வேலைதான். ஆனால் பார்ப்பது வேறு, பிடிப்பது வேறு.

முதலில் உளி. குழியுளியை ஒரு கிண்ணத்துக்கு ஒரு தடவை சாணை பிடித்தால் போதும் என்று நினைத்திருந்தாள். போதவில்லை. வாகை உளியின் வாயைத் தின்றுவிடும். உள்பக்கம் ஆரம்பிக்கும்போது ஒரு தடவை, கடைசி இழைப்புக்கு முன்னால் ஒரு தடவை. நகத்தில் வைத்துப் பார்த்து, வழுக்காமல் கடித்து நின்றால்தான் மரத்தில் வைக்கலாம்.

அடுத்தது போக்கு. வெளிப்பக்கம் என்றால் அடியிலிருந்து விளிம்புக்கு. உள்பக்கம் என்றால் விளிம்பிலிருந்து குழிக்கு. அப்படிப் போனால் வெட்டுப்படும் ஒவ்வொரு நாருக்கும் பின்னால் இன்னொரு நார் தாங்கிக்கொண்டு நிற்கும். மாற்றிப் போனால் தாங்க ஆளில்லாத நார் வேரோடு பிடுங்கிக்கொண்டு வரும். பிறகு தண்ணி. ஈரம் இருக்கும்வரை நார் இளகி வெட்டுக்குப் படியும். கொஞ்சம் காய்ந்தாலும் முறுக்கிக்கொண்டு நிற்கும். கடைசி இழைப்பு வெங்காயத் தோலுக்கு மேல் கனம் போகக் கூடாது.

கண்ணைவிடக் காது நல்லது என்றும் தெரிந்துகொண்டாள். சரியாகப் போனால் 'ஸ்ஸ்ஸ்' என்று, சுடு தோசைக்கல்லில் தண்ணி விழுந்த மாதிரி. பிடுங்க ஆரம்பித்தால் 'கர்ர்ர்'.

புதன்கிழமை பிற்பகல் ஒரு சின்னக் கிண்ணத்தை இறக்கி உள்ளே விரலை ஓட்டினாள். தடுக்கவில்லை. இன்னொரு சுற்று. தடுக்கவில்லை. வாகைத் தூள் மூக்கில் ஏறி அடுக்கடுக்காகத் தும்மினாள். தும்மிக்கொண்டே சிரித்தாள்.

"என்னத்தா தனியாச் சிரிக்கிற?" ஜோதிலட்சுமி வாசலில் நின்றாள். கையில் ஒரு கிண்ணத்தில் மீந்த குழம்பு. "ஒம் புருசனுக்குக் கொண்டாந்தேன். கருவாட எடுத்துட்டேன். வெறுஞ்சாறு."

"அவுகளால காரம் குடிக்க முடியாதுக்கா."

"அப்ப நீ குடி." கிண்ணத்தை மெசினோரம் வைத்தாள். "தாலி கட்டுன பொம்பள மெசின்ல நிக்கிறா, மாராப்புல மரத்தூளோட. ஊரு என்ன பேசுதுனு தெரியுமா? பஸ்ஸுல போறவன் எட்டிப் பாத்துட்டுப் போறான்."

"பாத்துட்டுப் போகட்டும்."

"நான் நல்லதுக்குச் சொல்றேன். பொட்டிப்புரம் போனா ஒனக்கும் நிம்மதி, அவனுக்கும் நிம்மதி. இங்கன இருந்தா அந்த மெசினப் பாத்துப் பாத்தே அவன் மறுகுவான். ஒங்க மாமாவும் அப்படித்தேன். அன்னைக்கு ஒடைஞ்ச கட்டையப் பொறுக்கி மடியில வச்சுக்கிட்டு, சோறு தண்ணியில்லாம ஒக்காந்திருந்தாக. எனக்குப் பயமாப் போச்சு. வாங்கி வெந்நி அடுப்புல போட்டு எரிச்சுப்பிட்டேன்."

எரித்தது யார் சொல்லி என்று நதியா கேட்கவில்லை. கேட்க என்ன இருக்கிறது? துண்டு ஒன்று தப்பித்தது அவர்களுக்குத் தெரியாது, அவ்வளவுதான். மடியில் வைத்துக்கொண்டிருந்தான் என்ற பேச்சு அவள் காதில் விழுந்தது. மனசில் விழவில்லை.

வியாழக்கிழமை காலையில் பெரிய தடியை அறுத்து, வட்டமாகச் செதுக்கி, இரும்புத் தட்டில் திருகாணி போட்டு மெசினில் ஏற்றினாள். வெடிக்காமல் இருக்க வெட்டுவாயில் பூசியிருந்த சாணி உதிர்ந்தது. வெளிப்பக்கத்தை அடியிலிருந்து விளிம்புக்கு வழித்துக்கொண்டு வந்தாள். 'ஸ்ஸ்ஸ்'. ஈரச் சுருள்கள் தோளுக்கு மேல் பறந்தன. இளம் மஞ்சளும் காப்பி நிறமுமாக மரம் திறந்துகொண்டது. அத்தனை அழகான கட்டையை அவள் பார்த்ததில்லை. மெசினை நிறுத்தி ஈரத்துணியால் துடைத்தாள்.

அடிப்பக்கம், இரும்புத் தட்டை ஒட்டி, ஒரு கோடு. தலைமுடி கனம்.

நகத்தை வைத்தாள். நகம் இறங்கியது. மெல்லிய கம்பியை விட்டுப் பார்த்தாள். அதுவும் உள்ளே போனது.

திங்கட்கிழமைக் காற்று. கல் இல்லாத சாக்கு.

நதியா கொட்டகை மண்ணில் உட்கார்ந்தாள். அழுகை வரவில்லை. வாயில் வாகைத் தூளின் கசப்பு மட்டும் இருந்தது. ஆக, பிசிறை ஜெயித்தாயிற்று. விரிசல் ஜெயித்துவிட்டது. பைக்குக்கு முட்டுக் கொடுத்த ஒரு கல்லுக்காகச் சட்டி பானையைத் தூக்க வேண்டும்.

நிமிர்ந்தபோது பலகையில் பசை டின் தெரிந்தது.

ஈஸ்வரபாண்டி கதவு மாட்ட கூடலூர் போயிருந்தான். அவள் எழுந்தாள். டின்னை எடுத்தாள். வாகைத் தூளைச் சலித்து, பசையில் குழைத்து, கத்தி முனையால் விரிசலுக்குள் ஊட்டினாள். குழந்தைக்கு மருந்து கொடுக்கிற மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக. மேலே தூளைத் தேய்த்து நீவினாள். கோடு மறைந்தது. அவளாலேயே கண்டுபிடிக்க முடியவில்லை. ஈஸ்வரபாண்டிக்குக் கிட்டத்தில் இருப்பதைப் பார்க்கக் கண்ணாடி வேண்டும். ஆள் முன்னால் போட மாட்டான், வயசு தெரியுமாம்.

செல்வினை ஏமாற்ற இது போதும். ஆனால் அவளுக்குச் செல்வின் ஒரு பொருட்டில்லை.

அடுத்ததாக அவள் செய்ததுதான் வேலை. நகத்தில் கடித்து நின்ற நல்ல உளியை எடுத்து, சிமெண்டுத் தரையில் இரண்டு இழுப்பு இழுத்தாள். வாய் மழுங்கியது. நாளைக்கு இந்த உளியை உள்பக்கத்தில் தப்பான போக்கில் வைத்தால் வாகை பிய்த்துக்கொண்டு வரும். அதைப் பார்த்துக்கொண்டு ஈஸ்வரபாண்டியால் சும்மா நிற்க முடியாது. அதுவும் செல்வின் முன்னால் முடியவே முடியாது.

டின்னைப் பலகையில் வைக்கத் திரும்பினாள். சன்னல் திறந்திருந்தது.

சுரேஷ்கண்ணன் பார்த்துக்கொண்டிருந்தான். எப்போதிருந்து என்று தெரியவில்லை. அவள் டின்னைத் தூக்கி அவனுக்குக் காட்டினாள். அவன் வாய் ஒரு விரல் திறந்தது. மூடியது. அந்த ஒற்றைக் கண் மட்டும் இமைக்காமல் நின்றது.

வெள்ளிக்கிழமையும் காற்று அடங்கவில்லை. செல்வின் காரிலிருந்து இறங்கி, பறந்த வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கொட்டகைக்குள் வந்தான். பெஞ்சில் வரிசையாக இருந்த சின்னக் கிண்ணங்களில் ஒன்றை எடுத்து உள்ளே விரலை ஓட்டினான். இன்னொன்று. இன்னொன்று.

"கொள்ளாம் கேட்டோ, நல்லாருக்கு. யாரு செஞ்சது?"

"யாரு, எந் தம்பி பொண்டாட்டிதேன்." ஈஸ்வரபாண்டியும் ஒரு கிண்ணத்தைக் கையில் வாங்கி உருட்டினான். கட்டைவிரல் உள்ளே சுற்றியது. ஒரு கணம் அவன் முகத்தில் கேலி இல்லை. "ஒன் ஆளு வேணாம் செல்வின். இனிமே இவதேன் மெசின் பாப்பா. நான் சொன்னாச் சொன்னதுதேன்."

தண்ணிப் பாட்டிலைப் பிடித்திருந்த நதியாவின் கை நின்றுவிட்டது.

கேட்டது கிடைத்துவிட்டது. மெசினும் வீடும் கைக்கு வந்தாயிற்று. பெரிய கட்டை வெடிச்சிருக்கு மாமா, வேணாம் என்று ஒரே ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல்ல வாயெடுத்தாள்.

"என்ன செய்யிறது," ஈஸ்வரபாண்டி செல்வின் பக்கம் சாய்ந்து சிரித்தான். "குடிகாரனக் கட்டிக்கிட்டு வந்துட்டா. வேற போக்கிடம் எது அவளுக்கு? நாமதேன் பாத்துக்கிறணும்."

நதியா வாயை மூடினாள். மெசின் சுவிட்சைத் தட்டினாள்.

மழுங்கின உளியைக் குழியிலிருந்து விளிம்புக்கு இழுத்தாள். 'கர்ர்ர்'. நார் கொத்துக் கொத்தாகப் பிய்ந்து விழுந்தது. இன்னொரு இழுப்பு. 'கர்ர்ர்'.

"அய்யோ, மொத்தம் பறிஞ்சு போகுதல்லோ," என்றான் செல்வின்.

"தள்ளுத்தா. தள்ளுங்கிறேன்." ஈஸ்வரபாண்டி சட்டைக் கையைச் சுருட்டிக்கொண்டு வந்தான். "சின்னதுல தேறிட்டா, பெருசுல பயந்துட்டா. அம்புட்டுத்தேன். நீ பாரு செல்வின்."

வேறொரு உளியை எடுத்தான். சாணைக்கல்லில் நாலு தடவை திருப்பி, நகத்தில் வைத்துப் பார்த்து, விளிம்பில் வைத்தான். 'ஸ்ஸ்ஸ்'.

உண்மையைச் சொல்ல வேண்டும். அவன் கை பெரிய கை. உளி மரத்தின் மேல் போனது தெரியவில்லை. ஈரச் சுருள் இடியாப்பம் பிழிகிற மாதிரி அறுபடாமல் வந்து அவன் மணிக்கட்டில் சுற்றியது. பிய்ந்த இடமெல்லாம் ஒரே இழைப்பில் அடங்கிப் பளபளத்தது.

"தண்ணியத் தெளி."

தெளித்தாள்.

"ஈரம் காயக் கூடாது. காஞ்சா நாரு எந்திரிக்கும். தெளி, தெளி."

அவள் மெசினின் பின்பக்கம் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து அடிப்பக்கம் தெரிந்தது. இரும்புத் தட்டை ஒட்டி, அவள் நீவி மறைத்த இடம் சுற்றுகிற சுற்றில் வெறும் நிழலாகத் தெரிந்தது. அங்கே பாட்டிலை அமுக்கினாள்.

"வேகத்தக் கூட்டு. வேகம் இருந்தாத்தேன் கடைசி இழைப்பு கண்ணாடியா வரும்."

கூட்டினாள். மெசின் காலடியில் மண் அதிர்ந்தது.

"இன்னும் கொஞ்சம் தண்ணி."

பாட்டிலின் மூடியையே கழற்றி ஊற்றினாள். சுற்றுகிற கட்டையிலிருந்து துளிகள் சிதறி அவள் சேலையில் விழுந்தன. குனிந்து பார்த்தாள். துளிகள் வெள்ளையாக இருந்தன, பால் மாதிரி.

சன்னலைப் பார்த்தாள். அங்கே கண் இருந்தது.

"ஈஸ்வரா," செல்வின் சத்தத்துக்கு மேலே கத்தினான். "அது என்னா வெள்ளயா ஒழுகுது?"

"என்னது?"

ஈஸ்வரபாண்டி கழுத்தைத் திருப்பினான்.

சத்தம் அன்றைக்குக் கேட்ட அதே சத்தம்தான். பாதிக் கட்டை மெசினில் நின்று சுற்றியது. மறுபாதி எங்கே போனது என்று தேட வேண்டியிருக்கவில்லை. ஈஸ்வரபாண்டி மரத்தூளில் உட்கார்ந்திருந்தான். இரண்டு கையாலும் தொண்டையைப் பொத்திக்கொண்டு, யாரோ ஏதோ சொல்லப்போகிறார்கள் என்று காத்திருப்பவனைப்போல நதியாவை நிமிர்ந்து பார்த்தான். விரலிடுக்கில் வழிந்தது. நதியாவின் கையில் காலிப் பாட்டில் இருந்தது. அவள் அதைக் கீழே வைக்கவில்லை.

சேக் தாவூதின் லாரியில் ஏற்றினார்கள். தலையை மடியில் வைத்துக்கொண்டு ஜோதிலட்சுமி போனாள். அழவில்லை. "கண்ணத் தொறங்க, கண்ணத் தொறங்க" என்று மட்டும் சொல்லிக்கொண்டே போனாள். செல்வின் பெஞ்சில் உட்கார்ந்து வாந்தி எடுத்தான். பிறகு, கிண்ணங்களைத் தொடாமல் காரில் ஏறிப் போய்விட்டான்.

நதியா மெசினிலிருந்து பாதிக் கட்டையைக் கழற்றி வெந்நி அடுப்பில் போட்டாள். ஈர மரம் எரிய மறுத்துப் புகைந்தது. மண்ணெண்ணெய் ஊற்றினாள். கூழ் காய்ச்சினாள். பொழுது சாயும் நேரத்தில் போன் அடித்தது. சேக் தாவூது.

"ஆள் தங்கல தாயி. தேனி போய்ச் சேரவே இல்ல. சின்னமனூர் தாண்டையிலேயே அடங்கிருச்சு. ஒம் புருசங்கிட்டப் பக்குவமாச் சொல்லு."

சரி என்றாள்.

கூழ்த் தம்ளரோடு கட்டிலோரம் உட்கார்ந்தாள். காற்று அன்றைக்கு முதல் தடவையாக ஓய்ந்து, வாழைத் தோட்டத்தில் இலை அசையாமல் நின்றது.

"முடிஞ்சுபோச்சு," என்றாள். "ஒங்களுக்குச் செஞ்சது அவுகளுக்கே திரும்பிருச்சு. வாயத் தொறங்க."

அவன் திறக்கவில்லை. கரண்டி கடைவாயில் தட்டிக் கூழ் கழுத்தில் வழிந்தது. துடைத்தாள். அவன் ஏதோ சொன்னான்.

"என்ன?"

மறுபடி சொன்னான். அவளுக்கு விளங்கியது. ஆனாலும் இன்னொரு தடவை கேட்டாள்.

"பசை," என்றான் சுரேஷ்கண்ணன். ஒவ்வொரு வார்த்தையையும் தாடையிலிருந்து பிடுங்கிப் பிடுங்கி வைத்தான். "அன்னைக்கு... நாந்தேன் வச்சேன். அண்ணன் பாத்துட்டு... அடுப்புல போடுலேன்னு கத்துனான். நாந்தேன் கேக்கல. கட்ட பெருசு... விட மனசில்ல."

தம்ளர் அவள் கையில் சாய்ந்து, கூழ் மடியில் ஊற்றிக்கொண்டிருந்தது.

"பெறகு ஏன் தலையாட்டுனீக?"

அவன் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பினான்.

"நேத்து சன்னல்ல பாத்தீகள்ல. நான் டின்னத் தூக்கிக் காட்டுனேன்ல. ஒரு சத்தம் குடுத்திருக்கலாம்ல. ஏன் தலையாட்டுனீக, சொல்லுங்க."

ஒற்றைக் கண் சுவரை விட்டு வரவில்லை. வாய் ஒரு விரல் திறந்தது.

"நீ அவனத் திட்டும்போதெல்லாம்... எனக்கு வலி கொறஞ்சுச்சு."